கண்டி வீதியால் மலைக்கு: மலையக ஊர்களையும் வீதியோரச் சின்னங்களையும் காணப் போகும் யாழ்ப்பாணத்தவர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுக்குக் குடும்பமாகவும் பாடசாலைச் சுற்றுலாவாகவும் போகிறவர்கள் ஏராளம். விடியுமுன் வான் புறப்படும். நுவரெலியாவில் கிரகரி வாவி, பூங்கா, ஸ்ட்ரோபெரி, குளிருக்கு ஒரு தொப்பி என்று முடித்துக்கொண்டு மறுநாள் இரவே திரும்பிவிடுவார்கள். வழிநெடுக இருக்கும் ஊர்களும், அங்கே வீதியோரத்தில் நூறு இருநூறு வருடங்களாக நிற்கும் சின்னங்களும் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைந்துவிடும். அப்படி ஓடவிடாமல் இறங்கிப் பார்க்க விரும்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

மலைக்குப் போக எந்த வழி நல்லது?

நம் வாசலில் ஓடும் கண்டி வீதியே, அதாவது ஏ9. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரை ஏறக்குறைய 320 கிலோமீட்டர். வவுனியா, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை என்று போகும் இந்த வீதி நாலந்தாவுக்குப் பிறகு மெல்ல மெல்ல மலைக்குள் நுழைகிறது.

ரயிலை விரும்புகிறவர்கள் யாழ்ப்பாண ரயிலில் போய்ப் பொல்காவலைச் சந்தியில் இறங்கி, மலைப்பாதை ரயிலுக்கு மாறலாம். அழகான பயணம். ஆனால் வீதியோரச் சின்னங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு வீதிதான் சரி, நினைத்த இடத்தில் நிறுத்தலாம்.

மலை தொடங்குவதற்கு முன்பே பார்க்க ஏதாவது உண்டா?

முறிகண்டிப் பிள்ளையாரை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டுதான் நம்மவர்கள் வன்னியைக் கடப்பார்கள்.

பலர் தவறவிடுவது நாலந்தா கெடிகே. தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையே, வீதியிலிருந்து சற்று உள்ளே, நீர்த்தேக்கக் கரையில் நிற்கும் கருங்கல் கட்டடம். பல்லவர் காலக் கோயில்களைப் பார்த்தவர்களுக்குக் கண்டவுடன் அடையாளம் தெரியும்: கல்லைச் செதுக்கி அடுக்கிய அதே தென்னிந்தியப் பாணி. உள்ளே வழிபாடோ பௌத்தம். போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைத்தபோது நீரில் மூழ்காமல் இருக்கக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, மேட்டில் மறுபடி அடுக்கியிருக்கிறார்கள். கூட்டமே இல்லாத இடம். அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

மாத்தளைக்குச் சற்று முன்னால் வீதியோரமாகவே அலுவிகாரை வரும். அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்ட இடம் இது என்பது பௌத்த மரபு. பனை ஓலைகளோடு வளர்ந்த நமக்கு, அங்கே ஓலையில் எழுதிக் காட்டுகிறவரின் கைவேகத்தை நின்று பார்க்கப் பிடிக்கும்.

மாத்தளையில் கட்டாயம் இறங்கச் சொல்கிறீர்களே, அங்கே அப்படி என்ன இருக்கிறது?

மலையகத் தமிழர் வரலாற்றின் வாசல் அதுதான்.

1820களில் கம்பளைப் பகுதியில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. வேலைக்கு ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து கால்நடையாகக் காட்டைக் கடந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளைப் பக்கமாக மாத்தளை வரை நடந்தார்கள். அவர்கள் ஊரில் இந்த மலைநாட்டுக்குப் பெயர் கண்டிச்சீமை. வாந்திபேதி, மலேரியா, பட்டினி, காட்டு விலங்கு என்று வழியிலேயே இறந்தவர்கள் ஆயிரமாயிரம். அவர்களைப் புதைத்த இடங்களில் ஒரு கல்கூட இல்லை. நாம் குளிரூட்டிய வாகனத்தில் போகும் ஏ9 வீதியின் தென்பாதி, அவர்கள் நடந்த அந்த வழியை ஒட்டியே போகிறது. மதவாச்சியைத் தாண்டியதும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவர்கள் சன்னலுக்கு வெளியே பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

நடந்து வந்து உயிரோடு மலையடிவாரத்தை எட்டியவர்கள் கும்பிட்ட மாரியம்மன்தான் இன்றைய மாத்தளை முத்துமாரியம்மன் என்பது ஊரார் சொல்லிவரும் வரலாறு. நகர மத்தியில், வீதியோரமாகவே 108 அடி இராஜகோபுரம் நிற்கிறது. 1983 ஜூலையில் எரிக்கப்பட்டு, பிறகு மீண்டெழுந்த கோயில். மாசிமகத்தில் ஐந்து தேர்கள் வீதிக்கு வரும். நல்லூர்த் தேர் பார்த்துப் பழகியவர்களும் ஒருமுறை இந்தப் பஞ்சரதத்தைப் பார்க்க வேண்டும்.

2023 இல், மலையகத் தமிழர் வந்து இருநூறு வருடம் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28 இல் புறப்பட்டு ஆகஸ்ட் 12 இல் முடிந்தது. முன்னோர் நடந்த வழியையே காலால் மறுபடி அளந்தார்கள்.

மாத்தளையில் இன்னும் ஒன்று: 1803 இல் ஆங்கிலேயர் கட்டிய மக்டோவல் கோட்டை. இப்போது அது மயானம். பழைய வாசல் இன்றும் நிற்கிறது. ஆங்கிலேயருக்கு எதிரான 1848 கிளர்ச்சியின் நினைவுத் தூணும் நகரத்திலேயே இருக்கிறது.

அம்பலம என்று சிங்கள ஊர்களில் காட்டுகிறார்களே, அது நம் ஊர் மடம் போன்றதா?

ஆம், வேலை அதேதான்: வழிநடைக்காரருக்கு நிழலும் இருக்கையும் இராத்தங்கலும். வடிவம்தான் வேறு. பருத்தித்துறைத் தெருமூடிமடத்தில் வீதியே கூரைக்குக் கீழால் போகும், இருபுறமும் கல்திண்ணை. அம்பலம வீதிக்கு ஓரமாகத் தனியே நிற்கும். கல்லின்மேல் மரத்தூண், நாற்புறமும் சாய்ந்து உட்காரத் தாழ்ந்த மதில் அல்லது மரக்கட்டை, மேலே சரிந்த ஓட்டுக்கூரை. மழைநாடு என்பதால் கூரை நன்றாகக் கீழிறங்கியிருக்கும்.

நம் சுமைதாங்கியும் ஆவுரஞ்சிக்கல்லும் கேணியும் சேர்ந்து ஒரு வழிநடைக்காரனுக்கும் அவன் மாட்டுக்கும் செய்த உபகாரத்தை மலையில் இந்த ஒரு கட்டடம் செய்தது. வண்டியும், பொதிமாட்டுக் கூட்டமான தவாளமும் போன காலத்தில் ஊர்ச்செய்தியெல்லாம் அங்கேதான் கைமாறியிருக்கும். கடுகண்ணாவைக் கணவாயில் பழைய வீதியோரம் இருக்கும் அம்பலமவைப் பாருங்கள், அதற்குப் பக்கத்திலேயே பார்க்க இன்னும் இரண்டு சின்னங்கள் உண்டு.

கடுகண்ணாவை நம் வழியில் வராதே? அதற்காகச் சுற்ற வேண்டுமா?

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் பதினைந்து கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. சுற்றத்தான் வேண்டும், சுற்றலாம் என்பதே என் அபிப்பிராயம்.

கண்டி இராச்சியம் 1815 இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிடித்த நாட்டைப் பிடியில் வைத்திருக்க அவர்களுக்கு வீதி தேவைப்பட்டது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி வெட்டினார்கள். கடுகண்ணாவையில் ஒரு பாறை குறுக்கே நின்றது. அதைச் சுற்றாமல் துளைத்தே வீதியைக் கொண்டுபோனார்கள். மலையைத் துளைத்து வருகிறவனிடமே கண்டி வீழும் என்று முன்னோர் சொல்லியிருந்ததாகவும், அந்த வாக்கு பலித்ததாகக் காட்டவே வேண்டுமென்று பாறையைத் துளைத்தார்கள் என்றும் ஒரு கதை அந்தப் பக்கம் வழங்குகிறது. புதிய வீதி பாறைக்குப் பக்கத்தால் போகிறது. துளை அப்படியே இருக்கிறது, நடந்து உள்ளே போகலாம்.

மேலே, கணவாயின் உச்சியில், டோசன் கோபுரம். வீதியைத் திட்டமிட்ட பொறியியலாளர் கப்டன் டோசன் 1829 இல் இறந்தார். 1832 இல் அவருக்காக எழுப்பிய 125 அடி உயரமான வெண்தூண் அது. அவருடைய அறிவும் திறமையும் இந்த வீதியைத் திட்டமிட்டு நிறைவேற்றின என்று கல்வெட்டு புகழ்கிறது. பாறையை உடைத்ததும் மண் சுமந்ததும் யார்? இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தின் பேரில் இழுத்துவரப்பட்ட கண்டிக் குடியானவர்கள். இராஜகாரியம் ஒழிக்கப்பட்டதும் அதே 1832 இல்தான். கோபுரத்தின் அடியில் நிற்கும்போது அந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே நினைக்க வேண்டும். மலையக வீதிகளில் பேர் பொறித்த கல் ஒரு கதை சொல்லும். பேர் பொறிக்காதவர்களின் கதையை நாம்தான் கேட்டு அறிய வேண்டியிருக்கிறது.

ரயில் பிரியர்கள் கடுகண்ணாவை நிலையத்தை ஒட்டிய தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம்.

கண்டியிலிருந்து நுவரெலியா போகும் வழியில் எங்கெல்லாம் நிறுத்துவது?

தூரம் எண்பது கிலோமீட்டருக்குள்தான். வளைவுகளால் மூன்று மணி நேரம் எடுக்கும். பேராதனையில் பிரியும் ஏ5 வீதி கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை என்று ஏறுகிறது.

கம்பளைப் பக்கத்தில், பரதெக்க என்ற இடத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. தொழிலாளரின் வரிசைவீடான பழைய லயம் ஒன்றையே அருங்காட்சியகமாக்கி, தொழிலாளர் புழங்கிய பொருட்களையும் ஆவணங்களையும் வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் சொல்லும் இடங்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் அங்கே போங்கள் என்பேன். திறந்திருக்கும் நாளை முன்கூட்டி விசாரியுங்கள். கண்டியை அடுத்த ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தில் இயந்திரங்களைப் பார்க்கலாம், பரதெக்கவில் மனிதர்களை.

இறம்பொடையில் அருவி வீதியிலிருந்தே தெரியும். ஆஞ்சநேயர் கோயில் திண்ணையில் நின்றால் கீழே கொத்மலை நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கும். 1985 இல் கட்டி முடித்த அணை. பழைய ஊர்களும் வயல்களும் விகாரைகளும் அந்தத் தண்ணீருக்கு அடியில் போயின. மூழ்கிய விகாரைகளின் நினைவாக எழுந்ததே எதிரே வெள்ளையாகத் தெரியும் பெரிய தாதுகோபம்.

நுவரெலியாவில் 1894 இல் செங்கல்லில் கட்டிய தபாலகம் உண்டு. வீட்டு விலாசத்துக்கே ஓர் அஞ்சலட்டை போட்டுவிட்டு வரலாம், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

தேயிலை முதலில் நட்ட லூல்கந்துரத் தோட்டத்துக்குப் போவது பயனுள்ளதா?

கண்டியிலிருந்து கலஹா, தெல்தோட்டை வழியாகப் போகலாம். வீதி ஒடுக்கம், வேகம் கூடாது.

ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 1852 இல் பதின்ம வயதில் அங்கே வந்தார். 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அடுத்த இரண்டு வருடத்தில் கோப்பி இலையில் துரு நோய் விழுந்தது. கோப்பி அழிந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. அவர் குடியிருந்த இடத்தின் புகைபோக்கியும் அவர் உட்கார்ந்து பார்த்த கல்லிருக்கையும் இன்றும் இருக்கின்றன. 1892 இல் அவர் இறந்தபோது, தோட்டத் தொழிலாளர்கள் உடலைத் தோளில் சுமந்து மலையிறங்கிக் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். மகையாவை மயானத்தில் கல்லறை இருக்கிறது.

அதே ஹேவாஹெட்டைப் பகுதியில் முல்லோயாத் தோட்டமும் இருக்கிறது. 1940 ஜனவரியில் அங்கே சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். தோட்டத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகி என்று மலையகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. டெயிலரின் இருக்கைக்கு வழிகாட்டும் பலகைகள் உண்டு. கோவிந்தனைப் பற்றித் தோட்டத்துப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும். கேளுங்கள், சொல்வார்கள்.

வளைவுகளில் மரத்தடியில் ஒரு கல், சூலம், சிவப்புத் துணி. இவை என்ன கோயில்கள்?

முனியாண்டி, மாடசாமி, மதுரைவீரன், காளி. ஊரிலிருந்து கூடவே வந்த தெய்வங்கள். மலையில் பிறந்த தெய்வங்களும் உண்டு. தேயிலைத் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். அதன் சுழலும் சக்கரங்களுக்குக் காவலாக ரோதைமுனி. தேயிலைச் செடியைக் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டும் மலைக்குக் கவ்வாத்துச்சாமி. இயந்திரத்தில் கை போகாமல் இருக்க, கத்தி காலில் படாமல் இருக்க, பாம்பும் குளவியும் அண்டாமல் இருக்க, வேலைக்கு இறங்குமுன் கும்பிட்டுப் போகும் சாமிகள் இவை. குளவிக் கொட்டு இன்றும் அங்கே உயிர் குடிக்கும் ஆபத்து.

என்னைப் பொறுத்தவரை மலையகத்தின் மிகப் பெரிய வீதியோரச் சின்னங்கள் இந்தக் கற்கள்தாம். எந்தத் திணைக்களமும் பலகை நாட்டவில்லை. ஆனால் எந்த வளைவில் விபத்து நடந்தது, எந்த மலையில் புலி வந்தது, எந்தக் கங்காணி காலத்தில் இந்தக் கல்லை நட்டார்கள் என்பதெல்லாம் அந்தக் கல்லோடு ஒட்டியிருக்கிறது. வாகனத்தை ஓரமாக்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, அருகில் இருக்கும் ஒருவரிடம் “இது எந்தச் சாமி, அம்மா?” என்று கேட்டால் போதும். தமிழ் தெரிந்த நமக்கு இது சொந்தமாகக் கிடைத்த வாய்ப்பு. வெளிநாட்டிலிருந்து வருகிற பயணிக்கு எவ்வளவு காசு கொடுத்தாலும் இது கிடைக்காது.

மாசி மாதத்தில் போகிறவர்கள் காமன் கூத்து எங்கே நடக்கிறது என்று விசாரியுங்கள். அமாவாசைக்குப் பிறகு காமன் நட்டு, இரவிரவாகத் தப்பும் பாட்டுமாக ஆடி, இறுதியில் காமனைத் தகனம் செய்வார்கள். முழுத் தோட்டமும் பிரட்டுக்களத்தில் கூடியிருக்கும்.

பிரட்டுக்களம், மடுவம் என்றெல்லாம் சொல்கிறார்கள். எதை எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்?

காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடம் பிரட்டுக்களம். பறித்த கொழுந்தை நிறுப்பது கொழுந்து மடுவம். தாய்மார் மலையில் இருக்கும்போது குழந்தைகளைப் பார்ப்பது பிள்ளை மடுவம். நாற்று வளர்ப்பது தவறணை. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டியிருப்பது படங்கு. வரிசையாக நிற்கும் வீடுகள் லயம், அதில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த அறை லயத்துக் காம்பரா, பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரே தோட்டம் மேல்கணக்கு, கீழ்கணக்கு என்று பிரிந்திருக்கும். வழி கேட்கும்போது இந்தப் பெயர்கள் உதவும்.

லயங்களுக்குள் போய்ப் பார்க்கலாமா? படம் எடுக்கலாமா?

அது ஒரு குடும்பத்தின் வீடு. நல்லூரில் உங்கள் வளவுக்குள் முன்பின் தெரியாத ஒருவர் கமெராவோடு நுழைந்தால் என்ன சொல்வீர்களோ அதே நியாயம்தான் அங்கேயும். அழைத்தால் போங்கள். அழைப்பார்கள், தேநீரும் தருவார்கள். அழைக்காமல் எட்டிப் பார்க்காதீர்கள்.

கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். அவர்கள் வேலை நேரத்தில் நிற்கிறார்கள். பறிக்க வேண்டிய கிலோக் கணக்கு ஒன்று இருக்கிறது, குறைந்தால் கூலி குறையும். ஆயிரம் ரூபாய் நாட்கூலி கேட்டு வருடக்கணக்காகப் போராடி, 2021 இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. கூடையை வாங்கிப் பிள்ளையின் முதுகில் மாட்டிப் படம் எடுக்கும் வழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. குழந்தைகளுக்கு இனிப்பை வீசிக்கொண்டு போவதும் அப்படியே. கொடுக்க விரும்பினால் தோட்டத்துப் பாடசாலை அதிபரைக் கண்டு, என்ன தேவை என்று கேட்டு, புத்தகமாகவோ கொப்பியாகவோ கொடுங்கள்.

யாழ்ப்பாணத்தவர் என்று சொன்னால் எப்படி நடத்துவார்கள்?

அன்பாக. அந்த அன்புக்கு நாம் எவ்வளவு தகுதியானவர்கள் என்பதை யோசித்துக்கொண்டு போவது நல்லது.

1947 தேர்தலில் மலையக மக்கள் தங்கள் கட்சியிலிருந்து ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறுவருடமே வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது, 1949 இல் வாக்கும் போனது. அந்த நேரத்தில் யாழ்ப்பாணத் தலைமை ஒன்றாக நிற்கவில்லை. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்தார். செல்வநாயகம் அதை எதிர்த்து அந்தக் கட்சியிலிருந்து வெளியேறி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1964 இல் இரண்டு அரசாங்கங்கள் அந்த மக்களைக் கேட்காமலேயே கணக்குப் போட்டுப் பிரித்தன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்கு 2003 இல்தான் சட்டம் வழி செய்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் மலைக்குப் போய், அங்கே பள்ளிக்கூடங்களை வளர்த்தவர்கள் உண்டு. அவர்களை மலையகம் நன்றியோடு நினைக்கிறது. அதே மலையிலிருந்து சிறு பிள்ளைகளை வீட்டுவேலைக்குக் கூட்டிவந்து, அடுக்களையோடு வளர்த்த வீடுகளும் நம் ஊரில் இருந்தன. “தோட்டக்காட்டார்” என்ற சொல்லை இன்னும் நாக்கில் வைத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். 1958, 1977, 1983 வன்செயல்களில் துரத்தப்பட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து காடு வெட்டி, போரின் அத்தனை அழிவையும் நம்மோடு தாங்கியவர்களும் அந்த மக்களே. இதையெல்லாம் தெரிந்தவராகப் போங்கள். மலையகத் தமிழர் என்று சொல்லுங்கள். “நீங்கள் இந்தியாவில் எந்த இடம்?” என்று கேட்காதீர்கள். அவர்கள் இந்த மண்ணில் ஆறேழு தலைமுறை.

ரயில் பாதையில் எதைப் பார்ப்பது?

எல்ல அருகே ஒன்பது வளைவுப் பாலத்தை எல்லோரும் அறிவார்கள். 1921 இல், இரும்புச் சட்டமே இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாகக் கட்டியது. தண்டவாளத்தில் நின்று படம் எடுக்க வேண்டாம். பக்கத்து மேட்டில் நின்றால் பாலமும் ரயிலும் சேர்ந்தே தெரியும்.

எனக்கு அதைவிட வியப்பானது தெமோதரை. ரயில் நிலையத்தைக் கடந்து, மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியில் இருக்கும் சுரங்கத்தால் வெளியே வருகிறது. ஊர்க்காரர் ஒருவரோடு மேட்டில் நின்று பார்த்தால்தான் முழுதும் விளங்கும். மலைப்பாதை 1867 இல் கண்டியை எட்டியது, 1885 இல் நானுஓயாவை, 1924 இல் பதுளையை. வழியில் பட்டிப்பொலதான் மிக உயரத்தில் இருக்கும் நிலையம், ஏறக்குறைய 1,890 மீட்டர். ரயில் ஏறிய ஒவ்வொரு ஊரிலிருந்தும் தேயிலை கொழும்புக்கு இறங்கியது.

வெள்ளைக்காரர் காலத்து மாதா கோயில்கள், கல்லறைகள்?

டிக்கோயாவில் வோர்லி தேவாலயம், 1878 இல் கட்டியது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி சிறியதாக, அமைதியாக இருக்கும். பொகவந்தலாவையில் சென் மேரி தேவாலய வளவில் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறை இருக்கிறது. 1879 இல் இறந்தவர். உலகமெங்கும் அவர் படங்களைத் தேடிப் பார்க்கிறார்கள், கல்லறையோ நம் நாட்டுத் தேயிலை மலையொன்றில்.

எந்த மாதம் போவது?

ஜனவரி முதல் மார்ச் வரை ஹட்டன், நுவரெலியா, ஹப்புத்தளை எல்லாம் பொதுவாகத் தெளிவாக இருக்கும். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டம், விடுதி விலை ஏறும். மே முதல் செப்டம்பர் வரை மேற்குச் சரிவில், ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம், மழை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பதுளைப் பக்கம் மழை.

மழைக்காலத்தை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டை உலுக்கியது, வீதிகளும் ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தன. புறப்படுமுன் வீதியும் ரயிலும் எந்த நிலையில் இருக்கின்றன என்று விசாரியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், முன்பணம் போனாலும் பரவாயில்லை.

மலைப்பாதையில் நடக்க ஆசை. எங்கே தொடங்குவது?

பீக்கோ நடைபாதை என்று ஒன்றை அமைத்திருக்கிறார்கள். ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 22 பகுதிகள், 300 கிலோமீட்டருக்கு மேல். தோட்டங்களுக்கு இடையேயான பழைய வழிகளே பெரும்பாலும். முழுதும் நடக்கத் தேவையில்லை, ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு அட்டை இருக்கும். காலுறைக்கு மேல் சவர்க்காரம் பூசுங்கள், ஒட்டினால் உப்புப் போதும்.

பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. தட்டைநிலத்தில் வாழ்ந்த நமக்கு வளைவுகளில் தலைசுற்றும், வயிறு பிரட்டும். புறப்படுமுன் வயிறு முட்டச் சாப்பிடாமல், இஞ்சியோ தேசிக்காயோ கையில் வைத்திருங்கள். இரவுக் குளிரை நம்மவர்கள் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள். கம்பளிச் சட்டை அவசியம்.

சாப்பாடு?

தோட்டப் பக்கத்துச் சிறு கடைகளில் ரொட்டியும் கட்டச்சம்பலும், கூடவே சூடான பிளேன்ரீ. அதற்கு மேல் என்ன வேண்டும்? சைவக்காரர்களுக்கு ஹட்டன், நுவரெலியா, பதுளை நகரங்களில் நல்ல சைவக்கடைகள் இருக்கின்றன.

மூன்று நாள்தான் விடுமுறை. எப்படிப் பிரிப்பது?

முதல் நாள் விடியப் புறப்பட்டு நாலந்தா, அலுவிகாரை, மாத்தளை அம்மன், இரவு கண்டி. இரண்டாம் நாள் காலையிலேயே பரதெக்க, பிறகு புசல்லாவை, இறம்பொடை வழியாக மெதுவாக ஏறி இரவு நுவரெலியா. வழியில் ஒரு மரத்தடிச் சாமியிடமாவது நில்லுங்கள். மூன்றாம் நாள் தபாலகத்தையும் வாவியையும் காலையில் பார்த்துவிட்டு இறங்குங்கள். கடுகண்ணாவைக்கு அன்று நேரம் போதாது, லூல்கந்துரவோடு சேர்த்து வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பின்னேரம் ஆறு மணிக்குத் தம்புள்ளையைக் கடந்துவிட்டால் நள்ளிரவுக்கு முன் வீடு சேரலாம். சாரதிக்குத் தூக்கம் வந்தால் வவுனியாவில் தங்கிவிடுங்கள்.